ஹீட்டர் பிளக்குக்கு வயர் இழுப்பது: சாவியா, ரிலேயா, டைமரா?

சென்னை காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகின் வயரிங்கைப் பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது என்றால் டீசல் பம்பைக் கழற்றுவதற்கு முன், ஸ்டார்ட் செய்யும்போது டீசல் எரியும் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

எல்லாப் படகுக்கும் இந்தப் பேச்சு கிடையாது. பெரிய விசைப்படகுகளில் ஓடும் லாரி வம்சத்து எஞ்சின்கள் டீசலை நேராக பிஸ்டன் மேலே அடிப்பவை. ஜனவரி விடியற்காலையில்கூட நம்ம ஊரில் சுமார் 20 டிகிரி இருக்கும். அதற்கு அவை ஹீட்டர் கேட்காது. கேட்பது, டீசலை முதலில் ஒரு சின்ன அறைக்குள் அடிக்கும் ரகம். கடலுக்கு மாற்றிய பழைய கார், ஜீப் எஞ்சின்கள், குபோட்டாவை வைத்துச் செய்த சின்ன மரைன் எஞ்சின்கள் பலவும் இந்த ரகம்தான். அந்த அறையின் குளிர்ந்த சுவரே அழுத்தத்தில் வரும் சூட்டைக் குடித்துவிடும். சென்னை வெயிலை நம்பி அங்கே பிளக்கை விட்டுவிட முடியாது.

பிளக்குக்குக் கரண்ட் கொடுக்க மூன்று வழி. சாவி வழியாக நேரடியாக இழுப்பது பழைய முறை. சாவியை ஒரு கட்டம் திருப்பிப் பிடித்தால் பிளக் சூடாகும். ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) கிடையாது, வயர் குறைவு, யாருக்கும் புரியும். சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு பிளக் சூடேறி நிலைத்த பிறகு சுமார் 12 ஆம்பியர் இழுக்கும், நான்குக்கு 48. போட்ட முதல் நொடிகளில் இன்னும் அதிகம். இவ்வளவும் எஞ்சினிலிருந்து வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) சாவி வரை போய்த் திரும்ப வேண்டும். 6 ஸ்கொயர் எம்எம் வயரில் போக வர 10 மீட்டர் என்றால் வயரிலேயே 1.4 வோல்ட் காணாமல் போகும். வழியில் இருக்கும் பிளக்-சாக்கெட் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள்: பித்தளை முள்ளில் பச்சைக் களிம்பு ஏறி, பிளாஸ்டிக் ஓரம் பழுப்பாக உருகியிருக்கும். அங்கே இன்னொரு அரை வோல்ட். பேட்டரியில் 12 வோல்ட் இருக்கும்போது பிளக் தலையில் 10தான் வருகிறது என்றால் சூடு 17 சதவீதம் குறையவில்லை, 30 சதவீதம் குறைகிறது. வோல்ட்டின் வர்க்கத்துக்குத்தான் சூடு.

ரிலே முறையில் வீல்ஹவுஸில் ஒரு புஷ் பட்டன் மட்டும். அதற்குப் போகிற கரண்ட் கால் ஆம்பியர்கூட இருக்காது, மெல்லிய வயரே போதும். பெரிய கரண்ட் பேட்டரி பக்கத்திலிருந்து ஃபியூஸ், ரிலே, பிளக் என்று ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் வயரில் இழப்பு சுமார் 0.13 வோல்ட். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் ரிலே வாங்கும்போது கவனம். புதுப்பேட்டையில் கைக்குக் கிடைக்கிற செல்ஃப் ரிலே, சில நொடி வேலைக்குச் செய்தது. ஹீட்டருக்குப் பிடித்து வைத்தால் அதன் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) சூடாகிவிடும். தொடர்ந்து தாங்குகிற 70, 80 ஆம்பியர் ரிலேதான் வேண்டும். தண்ணீர் தெறிக்காத உயரத்தில், வயர் மாட்டும் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். இண்டிகேட்டர் விளக்கை பட்டன் பக்கம் கொடுக்காமல் பிளக் பக்கம் கொடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் விரலை எடுத்த பிறகும் விளக்கு எரியும், உடனே தெரிந்துவிடும். சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்ச் மட்டும் வேண்டாம். மறந்துபோனால் பிளக்கும் போச்சு, பேட்டரியும் போச்சு. இன்னொரு வசதி: செல்ஃப் அடிக்கும்போதும் ஹீட்டர் பட்டனை விடாமல் பிடிக்கலாம். சில சாவிகள் ஸ்டார்ட் கட்டத்தில் ஹீட்டரை வெட்டிவிடும்.

டைமர் பெட்டியைப் பொறுத்தவரை, காரில் அருமையான சாமான். எஞ்சின் சூட்டைப் பார்த்து நேரம் வைக்கும், எஞ்சின் பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு கொடுத்துப் புகையைக் குறைக்கும். உப்புக் காற்றில் அதற்குள் இருக்கும் போர்டு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கேள்வி. நடுக்கடலில் கோளாறானால் திறந்து பார்த்தும் பயனில்லை. ரிலே கெட்டால் ஃபியூஸுக்குப் பிறகு ரிலேயைத் தாண்டி பிளக்குக்கு ஒரு தடித்த வயரைத் தொட்டுப் பிடித்தாவது கரை வந்து சேரலாம். எஞ்சினோடு கம்பெனியே மரைன் பெட்டி கொடுத்திருந்தால் சரி, அதைக் கழற்ற வேண்டாம்.

எந்த முறையானாலும் பிளக்கில் பொறித்த வோல்ட்டைப் படியுங்கள். 11 என்று இருந்தால் 12 வோல்ட் படகுக்கு. 24 வோல்ட் லைனில் கொடுத்தால் சில நொடியில் கருகிவிடும். அப்புறம், ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி காட்டும் பழக்கம், ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் இரண்டையும் பிளக் இருக்கும் எஞ்சினில் விட்டுவிடுங்கள். சிவந்து நிற்கும் பிளக்கில் அது நேரங்கெட்டுப் பற்றி பிஸ்டனையே உடைக்கும்.