பிபி மெஷின்: அளவு சரி, நேரம்தான் தகராறு

போன வாரம் என் பிபி மெஷினுக்குப் புதுக் கைப்பட்டை வாங்கிப் போட்டேன். பழைய பட்டையில் வெல்க்ரோ பிடிப்பை இழந்துவிட்டது. காற்று ஏறும்போதே டர்ரென்று பிரிந்துகொள்ளும், திரையில் பிழைக் குறி வரும். பட்டை மாற்றியதும் பழையபடி ஓடுகிறது. இதைக் கேள்விப்பட்ட நண்பர், "இத்தனை வருஷமா வச்சிருக்கியே, நானும் அதையே வாங்கட்டுமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

மேல்கையில் கட்டும் ரகம், நான்கு பேட்டரி, இரண்டு பேருக்குத் தனித்தனி நினைவகம், ப்ளூடூத் கிடையாது. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கும். அளவு சரியாகக் காட்டுகிறதா என்றால், காட்டுகிறது. மெஷினையே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய், அவர் கருவியில் ஒரு தடவை, இதில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை இப்படி ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. புதிதாக வாங்குகிறவர்கள், தாங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடல் தனிப்பட்ட பரிசோதனையில் தேறியதா என்று ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) போன்ற இணையதளப் பட்டியலில் தேடிவிடுங்கள். பெட்டி மேல் 'துல்லியமானது' என்று அச்சடிக்க யாரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை.

துல்லியம் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கும் டாக்டர், 1905-ல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் சொன்ன முறைப்படி ரத்தம் ஓடும் சத்தத்தைக் காதால் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் பிடிக்கிறார். நம் மெஷினுக்குக் காது கிடையாது. பட்டை தளரும்போது தமனியின் அதிர்வைத்தான் உணர்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடம் சராசரி அழுத்தம். அதை வைத்து மேல் அளவையும் கீழ் அளவையும் ஒரு சூத்திரத்தால் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தச் சூத்திரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தடுமாறும். அவர்கள் ஒரு ரீடிங்கை நம்பாமல் பல ரீடிங் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

கைப்பட்டை வாங்கும்போது டேப் வைத்து மேல்கையின் நடுப்பகுதிச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிபியைக் காட்டும். உட்காரும் விதமும் அப்படித்தான். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிய வேண்டும், கால் மேல் கால் கூடாது, கை ஒரு மேசை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். கை 10 சென்டிமீட்டர் கீழே தொங்கினாலே அளவு 7, 8 கூடிவிடும். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு எடுக்க வேண்டும், அப்போது பேசக் கூடாது. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்த நேரத்தில்தான் நம்மிடம் கேட்க ஆயிரம் கேள்வி வரும், அது வேறு விஷயம்.

இனி, நான் எதிர்பார்க்காமல் கிடைத்த லாபத்தைச் சொல்கிறேன். இந்த மெஷின் என் பிபியைக் குறைத்தது என்று சொல்லமாட்டேன். டாக்டரிடம் நான் பேசும் பேச்சை மாற்றியது.

முன்பெல்லாம் நான் போய் உட்காருவேன், அவர் பட்டையைக் கட்டுவார், "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்பார், நான் தலையாட்டுவேன். இரண்டு நிமிடத்தில் எடுத்த ஒரே எண்ணை வைத்து அடுத்த மூன்று மாத மாத்திரை முடிவாகிவிடும். இப்போது போவதற்கு முந்தைய ஒரு வாரம் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று ஒரு நிமிட இடைவெளி விட்டு எடுக்கிறேன். முதல் நாள் அளவைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்லும் முறை இதுதான். ஒரே ஒரு தாள். மேலே சராசரி, நடுவில் சாப்பிடும் மாத்திரைகளும் நேரமும், கீழே ஒரு கேள்வி. ஒன்றே ஒன்றுதான். ஐந்து கேள்வி எழுதினால் ஐந்துக்கும் அரைப் பதில்தான் கிடைக்கும்.

முதல் தடவை அந்தத் தாளை நீட்டியபோது டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, "இதை எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டார். அவ்வளவு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றியது. கிளினிக்கில் எப்போதும் 150-ஐத் தாண்டும் மேல் அளவு, வீட்டில் 130-ஐ ஒட்டியே நிற்பதை அவர் பார்த்தார். டாக்டரைக் கண்டதும் பிபி எகிறும் ஆட்கள் நிறைய இருக்கிறார்களாம், நானும் ஓரளவுக்கு அந்த ரகம். அன்றைக்குக் கூட்டுவதாக இருந்த மாத்திரையைக் கூட்டவில்லை. இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. டாக்டர் முன்னால் சாதுவாக இருக்கும், வீட்டில் ஏறிக்கிடக்கும். வீட்டில் அளக்காமல் அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இன்னொன்றையும் அவர்தான் சொன்னார்: கிளினிக்கில் 140/90 என்பதை எல்லையாக வைத்தால், வீட்டு அளவுக்கு 135/85 தான் எல்லை. வீட்டில் 138 வந்தால் '140-க்குக் கீழேதானே' என்று சமாதானமாக முடியாது.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது அந்தக் கடிகாரம்.

பேட்டரியைக் கழற்றினால் இந்த மெஷினுக்கு நேரம் மறந்துபோகும். ரீடிங் எல்லாம் பத்திரமாக இருக்கும், நேரமும் தேதியும் மட்டும் தொழிற்சாலையில் பிறந்த நாளுக்குப் போய்விடும். சரி, திரும்ப வைத்தால் போகிறது என்பீர்கள். வைக்கச் சொல்லி அது கேட்காது என்பதுதான் வம்பு. மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு எண் மின்னும். நீங்கள் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காதது போல அளந்து, தப்பான தேதியோடு சேமித்துவிடும். கண் சரியாகத் தெரியாத, வயதான ஒருவர்தான் இந்த மெஷினை அதிகம் பயன்படுத்தப்போகிறவர். அந்த எண் மின்னுவதை அவர் கவனிப்பார் என்று எந்த இன்ஜினியர் நினைத்தாரோ.

இது சின்ன விஷயம் இல்லையா என்று நண்பரே கேட்டார். இல்லை. இந்த மெஷினில் 'காலைச் சராசரி', 'மாலைச் சராசரி' என்று இரண்டு பொத்தான் இருக்கிறது. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பதும் இதைத்தான். எது காலை, எது மாலை என்பதைக் கடிகாரத்தை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது. கடிகாரம் தப்பினால் மாலை அளவு காலைச் சராசரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாத்திரையின் வேகம் விடியும் முன்பே தீர்ந்துபோகிறதா என்று டாக்டர் பார்ப்பது அந்தக் காலை அளவை வைத்துத்தான். அதில் குளறுபடி என்றால் மாத்திரை நேரத்திலும் குளறுபடி.

நோட்டில் எழுதிக்கொண்டால் போதாதா? நானும் எழுதத்தான் செய்கிறேன். ஆனால் நோட்டுக்கும் மெஷின் நினைவகத்துக்கும் ஒத்துப் பார்த்த ஆய்வுகளில் இரண்டும் அடிக்கடி முரண்பட்டிருக்கின்றன. 137-ஐ 135 என்று எழுதுவது, பிடிக்காத எண்ணை எழுதாமலே விடுவது, எடுக்காத நாளுக்குக் கற்பனையாக நிரப்புவது எல்லாம் மனித சுபாவம். அதனால்தான் சில டாக்டர்கள் நோட்டைப் பார்த்துவிட்டு மெஷினையும் காட்டச் சொல்கிறார்கள். பொய் சொல்லாத சாட்சி என்று மெஷினை நம்புகிறோம். அந்தச் சாட்சிக்குச் சம்பவம் நடந்த தேதி தெரியாது!

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். மிக மரியாதையாகப் பேசினார்கள். அடாப்டரைச் செருகிவைத்துக்கொண்டு பேட்டரியை மாற்றினால் நேரம் போகாதாம். அடாப்டர் பெட்டியில் வருமா என்று கேட்டேன். வராதாம், தனியாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஒரு பொத்தான் பேட்டரி உள்ளே வைத்திருந்தால் தீர்ந்துபோகும் பிரச்சினை. மலிவான கைக்கடிகாரத்தில்கூட அது இருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், வெறுமனே அளப்பதால் பெரிய பயன் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் வெளிவந்த ஓர் அலசல் சொன்னது இதுதான்: தானாக அளந்து வைத்துக்கொள்வதால் மட்டும் பிபி பெரிதாக இறங்குவதில்லை, டாக்டரோ நர்ஸோ மருந்தாளுநரோ கூடவே இருந்து உதவும்போது நன்றாக இறங்குகிறது. அடுத்த வருடம் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. வீட்டு அளவைப் பார்த்து டாக்டர் மருந்தைத் திருத்திய நோயாளிகளுக்கு, வழக்கமான முறையில் இருந்தவர்களைவிட, ஒரு வருடம் கழித்து மேல் அளவு 3 முதல் 5 வரை குறைவாக இருந்தது. ஆக, வேலை நடப்பது எண் என் கையிலிருந்து டாக்டர் மேசைக்குப் போகும் இடத்தில். அந்த இடத்தில்தான் இந்த மெஷின் சொதப்புகிறது. 'உங்கள் ஆரோக்கியம் உங்கள் கையில்' என்று பெட்டியில் போட்டுவிட்டு, கையில் கொடுப்பது தேதியில்லாத எண்கள்.

மெஷின் மேல் போடக் கூடாத பழி ஒன்றும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் நடுராத்திரி எழுந்து அளப்பார், அளவைப் பார்த்துப் பயப்படுவார், பயத்தில் ஏறிய பிபியை மறுபடி அளப்பார். அந்த மாதிரி ஆட்களுக்கு மெஷின் நன்மை செய்யாது. டாக்டர் சொன்ன வாரம் தவிர மற்ற நேரம் அதை அலமாரியில் பூட்டி வைப்பதே நல்லது. அளவு நன்றாக இருக்கிறதே என்று தானாக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது, அது நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்று ஏதாவது இருந்தால் மறுபடி அளந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்து மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறவர்களுக்கு ஒரு உபயோகம்: உட்கார்ந்து ஒன்று, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒன்று எடுத்துப் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அடுத்த தாளில் கீழே எழுத வேண்டிய கேள்வி அதுதான். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. அளவு சரி, பட்டை கிடைக்கிறது, கீழே விழுந்தும் உடையவில்லை, என் டாக்டரைப் பேச வைத்தது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் இரண்டுதான். நேற்று ராத்திரி பேட்டரி தீர்ந்தது, இன்று காலை ரீடிங்கில் வேறு ஏதோ வருடம் போட்டிருக்கிறது. இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது. அடுத்த வாரம் கேட்டிருந்தால் நான்கு கொடுத்திருப்பேனோ என்னவோ.

நண்பரிடம், பிபி மெஷின் கண்டிப்பாக வாங்கு, இந்த மாடல் வேண்டாம் என்று சொன்னேன். கடையில் பேட்டரியைக் கழற்றிப் போடச் சொல்லி நேரம் மறக்காமல் இருக்கிறதா பார், மறந்தால் அடுத்ததைக் காட்டச் சொல். "அப்போ நீ ஏன் மாத்தல?" என்றார். இது என் டாக்டரின் கருவியோடு ஒத்துப்போகிறது, இதன் கோளாறு எது என்று எனக்குத் தெரியும், புதிதாக வருவதன் கோளாறு தெரியாது. அடாப்டரை மட்டும் நான் வாங்குவதாக இல்லை.