கோழிக்கடைக்குப் பயோகாஸ் தாங்கி: தாங்கி சரி, பொருத்தினவர்கள்தான் சரியில்லை

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கோழிக்கடை நடத்துகிறவர்களுக்குத் தெரியும், கழிவுநீரை எங்கே விடுவது என்பதே பெரிய தலையிடி. மணல் தரை, கிட்டக்கிட்டக் கிணறுகள். குழி வெட்டி விட்டால் நேரே கிணற்றுக்குப் போகும், கானில் விட்டால் அயல் சும்மா இருக்குமா? அதனால்தான் கடைக்குப் பின்னால் பயோகாஸ் தாங்கி போட்டோம். பொருத்தினவர்களின் பெயர் இங்கே வேண்டாம்.

தாங்கியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காற்றுப் புகாத இடத்தில் வாழும் பக்டீரியாக்கள் அழுக்கைத் தின்று மீதேன் வாயுவாக்குகின்றன. 35 பாகை செல்சியஸ் அளவில் அவை நன்றாக வேலை செய்யும், திருகோணமலை வெக்கைக்குத் தனியாகச் சூடாக்கவே தேவையில்லை. காற்றூதும் மோட்டார் இல்லாததால் கரண்ட் பில்லும் ஏறவில்லை. வருகிற காஸில்தான் இறகு பிடுங்க வெந்நீர் வைக்கிறோம்.

ஆனால் பொருத்திவிட்டுப் போகும்போது "எல்லாத்தையும் அப்படியே ஊத்துங்கோ அண்ணா, தாங்கி பாத்துக்கொள்ளும்" என்றார்கள் பாருங்கள், அது சுத்தப் புளுகு. கொழுப்பு மேலே மிதந்து ஆடைபோலத் தடித்துப்போய்க் காஸ் எழும்ப விடாது. இரத்தம் கூடினால் அதிலுள்ள புரதம் உடைந்து அமோனியா ஏறி, மீதேன் உண்டாக்கும் கிருமிகளையே முடக்கிவிடும். இறகுக்கு வலைத்தட்டு, கொழுப்புப் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி, இரண்டும் தாங்கிக்கு முன்னால் கட்டாயம் இருக்கவேண்டும். அவர்கள் போடவே இல்லை, நாங்கள்தான் மேசனைப் பிடித்துக் கட்டினோம். இரத்தத்தைத் தனி வாளியில் பிடித்து, தாங்கிக்குக் கொஞ்சம்தான் விடுகிறோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் தண்ணீர் அந்தப் பக்கமே போகக்கூடாது. அப்புறம் அந்தக் கூழ்முட்டை நாற்றம்: அது ஐதரசன் சல்பைட்டு, அடுப்பின் பேர்னரையே அரித்துவிடும். காஸ் குழாயில் இரும்புத் தூள் வைத்த வடிகட்டி ஒன்று போதும், அதையும் தரவில்லை.

வெளியே வருவது நல்ல தண்ணீர் என்று சொல்வதையும் நம்பவேண்டாம். ஆறு குளங்களில் விடும் கழிவுநீருக்கு இலங்கையில் பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் அளவு) எல்லை லீற்றருக்கு 30 மில்லிகிராம். இறைச்சிக் கழிவுநீரை இந்தத் தாங்கி மட்டும் அவ்வளவுக்குக் கொண்டுவராது, அமோனியாவும் அப்படியே நிற்கும். பின்னால் காற்றூட்டும் தொட்டியோ புல் நட்ட சரளைக்கல் படுக்கையோ வேண்டும். விலை கேட்கும்போதே முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்.

தாங்கிக்கு 5க்கு 4, சேவைக்கு 1. காஸ் மீட்டர் பழுதாகிக் கிடக்கிறது. "நாளைக்கு ஆள் வரும்" என்ற பதில் மட்டும் ஒழுங்காக வருகிறது.