பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் அலைன்மென்ட்: பச்சை நிற எண்களைக் காட்டி என்னை ஏமாற்றினார்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், வாங்கப்போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் (சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சரியாக வைக்கும் வேலை) செய்ததாகப் பில் போட்டு, முழுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். பின் சக்கரங்களை அவர்கள் தொடவே இல்லை. அதனால் இரண்டு புது டயர்கள் 4,000 கிலோமீட்டரில் வீணாகின. ஒரு மழை நாளில் காரோடு நானும் போயிருப்பேன்.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வெளிவந்து 1997 வரை தயாரான, மூடித் திறக்கும் முகப்பு விளக்கு உள்ள சின்ன கார். ஒரு டன் எடைகூட இல்லை, இழுப்பது பின் சக்கரம். இதன் சஸ்பென்ஷனைப் பற்றி ஒன்றைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். நாலு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் பிடித்திருக்கும். ஒவ்வொரு கீழ் ஆர்மும் இரண்டு எக்சென்ட்ரிக் போல்ட்டில் (மையம் விலகிய போல்ட்) உட்கார்ந்திருக்கும். ஆக மொத்தம் எட்டு போல்ட். போல்ட்டைத் திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும், சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறும். முன்னால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மூன்றையும் வைக்கலாம். பின்னால் கேம்பர், டோ இரண்டையும் வைக்கலாம். இன்றைய பல சின்ன கார்களில் பின்பக்கம் திருப்ப எதுவுமே கிடையாது. அந்த வேலையிலேயே பழகிய கை, இந்தக் காரையும் அப்படியே பார்த்து அனுப்பிவிடுகிறது. எனக்கு நடந்ததும் அதுதான்.

காரை வாங்கியபோதே நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். பின்பக்கம் லேசாக நெளியும். டயர் பழசு என்று நினைத்து நாலும் புதிதாகப் போட்டேன், 185/60 ஆர்14. போட்ட கையோடு அலைன்மென்டுக்கு, கேமரா வைத்த புது மெஷின் உள்ள பெரிய கடையாகப் பார்த்துப் போனேன். "இதில் பின்பக்கமும் அட்ஜஸ்ட் ஆகும், போல்ட் இருக்கிறது" என்று போனதும் சொன்னேன். "தெரியும் சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். காரின் பக்கத்தில் நிற்க விடவில்லை. 35 நிமிடத்தில் சாவி கைக்கு வந்தது. திரையில் பச்சையாக ஒளிர்ந்த எண்களைக் காட்டி, "எல்லாம் கரெக்ட் சார்" என்றார் மேலாளர். ஸ்டியரிங்கும் நேராகத்தான் இருந்தது. நம்பிவிட்டேன்.

நெளிவு மட்டும் போகவில்லை. புது டயர், பழகட்டும் என்று விட்டது என் தவறு. ஒரு நாள் நல்ல மழை. வளைவில் போகும்போது முன்னால் போன வண்டி வேகம் குறைத்தது. நானும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். பின்பக்கம் ஒரே வீச்சாக வெளியே போய்விட்டது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து எப்படியோ நிறுத்தினேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அதனால் பிழைத்தேன். கை நடுக்கம் அடங்கவே வெகுநேரம் ஆனது.

அன்று மாலை ஜாக்கி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வலது பின் டயரின் உள் ஓரத்தில் பள்ளமே காணோம், வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கமாக ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகிறது, திருப்பி ஓட்டினால் ரம்பப் பல் மாதிரி கையில் பிடிக்கிறது. டோ தவறாக இருக்கும் டயர் இப்படித்தான் தேயும். இடது டயரிலும் அதே தேய்மானம், கொஞ்சம் குறைவு.

அப்புறம்தான் அவர்கள் கொடுத்த தாளை எடுத்து நிதானமாகப் படித்தேன். வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டும். மேலே எழுதியிருந்தது என் காரின் பெயரே இல்லை, ஏதோ ஒரு முன்சக்கர இழுப்புக் காரின் பெயர். பச்சையில் இருந்தவை முன்பக்க எண்கள் மட்டும். பின் சக்கர வரிசைக்கு நிறமே இல்லை. வலது பின் டோ, வேலைக்கு முன் -0.70, வேலைக்குப் பின் -0.70. இடது 0.05, அதுவும் மாறவில்லை. கேம்பரிலும் ஒரு புள்ளிகூட நகரவில்லை. ஏமாற்றியதற்கான சாட்சியை அவர்களே அச்சடித்து என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த -0.70 டிகிரி என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். கழித்தல் குறி என்றால் சக்கரம் வெளிப்பக்கம் பார்க்கிறது. இந்த அளவு டயரில் 0.1 டிகிரி என்பது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். அப்படியென்றால் வலது பின் சக்கரத்தின் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட 7 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. வளைவில் காலை எடுத்ததும் பாரம் முன்னால் போகும், பின் டயர்களின் பிடி குறையும். அந்த நேரத்தில் பின் சக்கரம் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் காரின் வாலை அதுவே வெளியே இழுத்துவிடும். மழையில் எனக்கு நடந்தது இதுதான்.

மெஷினும் பொய்யாக இருக்குமோ என்று காரின் இரு பக்கமும் நூல் கட்டிப் பார்த்தேன். நூல் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதி) நடுவிலிருந்து நூல் வரை உள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக வரும்வரை நகர்த்திக்கொள்ளுங்கள். முன் பின் அச்சு அகலம் வேறு என்பதால் முன்பக்கத் தூரமும் பின்பக்கத் தூரமும் ஒன்றாக வராது, அதற்குப் பயப்பட வேண்டாம். பிறகு ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் நூலுக்கு எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வலது பின்னால் எனக்கு நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. டயரைவிட ரிம் சின்னது என்பதால் கணக்கு தாளோடு அப்படியே பொருந்துகிறது. மெஷின் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

சரி, பின்பக்கத்தைத் தொடாமல் ஸ்டியரிங் எப்படி நேரானது? டார்ச் அடித்துக் கீழே பார்த்தேன். எட்டு எக்சென்ட்ரிக் போல்ட்டிலும் சேறும் துருவும் காய்ந்து ஒட்டியபடியே இருந்தன, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. முன்னால் இடது டை ராட் (சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பி) லாக் நட்டும் துருவோடு அப்படியே. வலது பக்க நட்டில் மட்டும் புதுக் கீறல் பளபளத்தது. பின்பு ஸ்டியரிங் உச்சியில் ஒரு டேப் ஒட்டி, இடப்பக்கம் கடைசிவரை, வலப்பக்கம் கடைசிவரை திருப்பினேன். டேப் இரு பக்கமும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஸ்டியரிங் வீலையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள்! பின் சக்கரம் காரின் வாலை வலப்பக்கம் தள்ளியதால்தான், அதை ஈடுகட்ட ஸ்டியரிங்கும் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. நோயை விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் மறைத்திருக்கிறார்கள். என் காரில் ஏர்பேக் இல்லை. இருக்கும் காரில் இப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் சுருள் நாடா அறுந்து, விபத்தின்போது ஏர்பேக் விரியாமலே போகலாம். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பழைய வண்டி சார், புது வண்டி மாதிரி எதிர்பார்க்கக் கூடாது" என்றார் மேலாளர். இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதைக் காட்டினேன். "போல்ட் பிடித்திருந்தது, திருப்பினால் உடைந்துவிடும்" என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? முன்பக்கத்துக்கு மட்டும் பணம் வாங்கியிருக்கலாமே? பதில் இல்லை. பணமும் திரும்ப வரவில்லை.

பிறகு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையே பார்க்கும் ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனேன். அவர் மெஷின் பக்கம் போகவே இல்லை. முதலில் புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை), பால் ஜாயின்ட், வீல் பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். எட்டு போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தார். "தம்பி, ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் ஆறு போல்ட் அசைந்தன. வலது பின்பக்கத்து இரண்டும் புஷ்ஷின் உள்குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. அறுத்து எடுத்துப் புது புஷ், புது போல்ட் போட வேண்டியதாயிற்று. முன்கூட்டியே சொல்லி, செலவுக்குச் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அறுத்தார்.

காற்றழுத்தம் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு மூட்டை வைத்து, முதலில் பின் சக்கரங்களை வைத்தார். முன்பக்கத்தைப் பின்பக்கத்தின் திசைக்கு ஒத்து வைப்பதால் பின்பக்கம்தான் முதலில். அதன்பின் முன்னால் காஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. மற்ற இரண்டையும் தொட்டாலே டோ மாறிவிடும், அதனால் அது எப்போதும் கடைசி. ஸ்டியரிங் வீலைப் பழைய பல்லுக்கே கொண்டுவந்து, இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பினார். ஆர்ம் போல்ட்டுகளைக் கார் நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். அரை நாள் வேலை. பின் சக்கரம் ஒவ்வொன்றும் இப்போது 0.10 டிகிரி உள்நோக்கி இருக்கிறது, கேம்பர் இரு பக்கமும் -1.5.

நீங்கள் போகும்போது, காரை ஏற்றும் முன்பே பின்பக்க போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள். போல்ட் பிடித்திருந்தால் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் போல்ட் தலைகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. தாளில் முதலில் காரின் பெயரையும் ஆண்டையும் பாருங்கள். அடுத்து வேலைக்கு முன் இருந்த எண்ணையும் வேலைக்குப் பின் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் எதுவாகவும் இருக்கட்டும், சரியில்லாத எண் மாறியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். மாறவில்லை என்றால் அங்கேயே, பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

பின் டயர் இரண்டையும் மறுபடி புதிதாகப் போட்டேன். இப்போது 3,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. நேற்றும் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே இரு பக்கமும் ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் பிடிக்கவில்லை.