லெதர் கோரலில் முளைத்த கட்டி: வெட்டுவதா, டிப் போடுவதா, பார்த்திருப்பதா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. அதில் மூத்த குடி டோட்ஸ்டூல் லெதர் கோரல் என்ற ஒரு மென்பவளம். தடித்த தண்டு, மேலே குடை, பார்க்கக் காளான் மாதிரியே இருக்கும். பிப்ரவரியில் ஒருநாள் கண்ணாடி துடைக்கும்போது அதன் தண்டில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டியைப் பார்த்தேன். முந்தைய வாரம் அது இல்லை. வழவழவென்று இருக்க வேண்டிய தண்டில் இது என்ன என்று வயிற்றைக் கலக்கியது.

மீன் கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும், "சார், பரவுறதுக்குள்ள வெட்டிருங்க" என்றார். பத்து வருடமாகப் பவளம் வளர்க்கும் நண்பர் டிப் போடச் சொன்னார். நான் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று யாராவது கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

டிப் எளிது. தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, அயோடினோ கடையில் விற்கும் டிப் திரவமோ கலந்து, சில நிமிடம் முக்கி எடுப்பது. தட்டைப்புழு, பவளம் தின்னும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) மாதிரியானவை இருந்தால் கிண்ணத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும். ஆனால் அவற்றின் முட்டைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதனால் ஒரு வாரம் விட்டு மறுபடியும் போட வேண்டும். கட்டி ஒரு கடற்பஞ்சாக இருந்தால் வேறு சிக்கல். பவளத்தை வெளியே தூக்கும்போது பஞ்சுக்குள் காற்று புகுந்து அது செத்து, தொட்டியிலேயே அழுகலாம். நான் டிப் போட்டது இரண்டே முறை, இரண்டும் புதிதாக வாங்கிய பவளங்களுக்கு. பழைய, பாறையோடு ஒட்டிய பவளத்தைப் பெயர்த்து எடுத்துச் செய்த அனுபவம் எனக்கு இல்லை.

வெட்டுவது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. லெதரைக் கூரான பிளேடால் வெட்டினால் தாயும் பிழைக்கும், துண்டும் வளரும். துண்டில் சளி வழிவதால் பசை ஒட்டாது, ரப்பர் பேண்டோ வலைத்துணியோ போட்டுக் கல்லோடு கட்ட வேண்டும். கவலை வேறு இடத்தில். காயம்பட்ட லெதர் தண்ணீரில் நச்சுச் சேர்மங்களை விடும். பெரிய தொட்டி அதைத் தாங்கிக்கொள்ளும். 120 லிட்டரில் பக்கத்துப் பவளங்கள் எல்லாம் சுருங்கிவிடலாம். நச்சை உறிஞ்சும் கார்பன் வடிகட்டியை ஓட விட்டு, தண்ணீர் மாற்றி, கையுறை போட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஆனால் என்னைத் தடுத்தது இது எதுவும் இல்லை. ஐப்டாசியாதான். அந்தப் பழுப்புக் கடல் அனிமோன் துணுக்களவு சதையிலிருந்துகூட மறுபடியும் முளைக்கும். கட்டி என்று நினைத்து அதை வெட்டினால் ஒன்று பத்தாகும். பார்த்திருந்தது தப்பாகிப்போனால் பத்து நாள் நஷ்டம், அதன் பிறகும் வெட்டலாம், முக்கலாம். வெட்டியது தப்பென்றால் அதை மாற்ற வழியே கிடையாது. நான் கடைசியில் முடிவு செய்தது இந்த ஒரே கணக்கில்தான்.

பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தம் இல்லை. ஞாயிறுதோறும் ஒரே இடத்தில் நின்று, கண்ணாடியில் ஒட்டிய ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்தேன். இரவு விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துத் தண்டைச் சுற்றிப் பார்த்தேன், புழுவும் நூடிபிராங்கும் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். பகலில் வேறு வேலை. லெதரின் பாலிப்கள், அதாவது அதன்மேல் பூ மாதிரி விரியும் குட்டி உயிர்கள், வெளிச்சத்தில்தான் நன்றாக விரியும். பம்பை ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஆடாமல் நிற்கும். அப்போது பூதக்கண்ணாடியை வைத்து கட்டியில் விரியும் ஒரு பாலிப்பின் வாயைச் சுற்றியிருக்கும் விரல்களை எண்ண வேண்டும்.

மென்பவளம் என்றால் எட்டு விரல், கூடவோ குறைவோ இருக்காது. ஒவ்வொரு விரலின் இரு ஓரத்திலும் இறகில் இருப்பது மாதிரி சின்னச் சின்னக் கிளைகள். ஐப்டாசியாவுக்கு விரல்கள் ஏராளம், வழவழவென்று நுனி கூர்ந்திருக்கும். விரலே இல்லாமல் ஊசி குத்தியது மாதிரி புள்ளிகள் தெரிந்தால் பதற வேண்டாம், லெதரின் குடையில் தண்ணீரை உறிஞ்சும் குட்டிப் பாலிப்கள் அப்படித்தான் இருக்கும். எட்டு விரல் இருந்தாலே லெதர் என்று சொல்லிவிடவும் முடியாது, ஜீனியா, கிளோவ் பாலிப் என்ற வேறு மென்பவளங்களுக்கும் எட்டுதான். ஆனால் அவை பெரும்பாலும் பாறையிலிருந்து படர்ந்து ஏறி வந்திருக்கும். அதனால் கட்டியின் அடியையும் பார்க்க வேண்டும்.

இரண்டு நிலைமையில் மட்டும் நான் காத்திருக்க மாட்டேன். சதை கரைந்து நூல் நூலாகப் பிரிந்தால், அல்லது தண்ணீரிலிருந்து எடுத்ததும் அழுகல் நாற்றம் வந்தால் அன்றே வெட்டிவிட வேண்டும். குடை மூடிக்கொண்டு மேலே மெழுகு மாதிரி படலம் மட்டும் வந்தால் அது தோல் உரிப்பது. சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை எடுக்கும், நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் கழன்றுவிடும். கல்பவளங்களிலும் கடல்விசிறிகளிலும் கட்டி மாதிரியான வளர்ச்சிப் பிறழ்வுகள் வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். லெதரில் அப்படி ஒன்றை நான் நேரில் பார்த்ததில்லை, அதனால் அதற்கு என் யோசனை எதுவும் இல்லை.

பதினோராம் நாள் மதியம் மகள்தான் பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்தாள். கட்டியின் நுனி லேசாகத் தட்டையாகி, அதில் நாலைந்து பாலிப்கள் விரிந்திருந்தன. உதடு அசையாமல் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "அப்பா, எட்டு. ஓரத்துல முடி முடியா இருக்கு." அடியைப் பார்த்தேன். பாறையிலிருந்து எதுவும் ஏறி வரவில்லை, தண்டின் சதையே புடைத்துக் குட்டி போட்டிருந்தது.

இப்போது அந்தக் குட்டிக்கு ஒரு ரூபாய்க் காசு அளவில் தனிக் குடை. ஏப்ரல் சூட்டில் தண்ணீர் 28 டிகிரியைத் தொட்டுவிடுவதால் இப்போது கத்தி வைக்கப்போவதில்லை. மழை இறங்கியதும் வெட்டி, முருகேஷ்பாளையத்தில் இருக்கும் நண்பருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். டிப் போடச் சொன்ன அதே நண்பர்தான்.