விரா 1.5-க்குச் சொந்த இன்ஜினா, 1.8 ஹாஃப் கட்டா?

எங்கள் வீட்டு விரா 1.5 (மலேசியாவின் புரோட்டோன் கார்), அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது 1997-இல் எடுத்தது. ஆட்டோ கியர். தோட்டத்தை விட்டு சுங்கை சிப்புட் தாமானுக்கு வந்த பிறகும் அதே கார்தான். போன வருடம் கியரும் இன்ஜினும் ஒன்றாகத் தகராறு செய்யத் தொடங்கின. ரிவர்ஸ் போட்டால் மூன்று நான்கு விநாடி கழித்துத்தான் கார் நகரும். மேட்டில் இன்ஜின் கத்தும், வேகம் ஏறாது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, இனி ஓட்டப் போவதில்லை. காரை உன் பெயருக்கு மாற்றிக்கொள் என்று சொல்லியிருந்தார். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுப்பது என்ற கேள்வி கடைசியில் அதில்தான் முடிந்தது.

பட்டறையில் மூன்று வழி சொன்னார்கள். பொத்தோங் கடையிலிருந்து (பழைய கார்களைப் பிரித்துப் பாகங்கள் விற்கும் கடை) அதே மாதிரி ஆட்டோ கியர் பெட்டி ஒன்று கொண்டுவந்து போடலாம். சொந்த இன்ஜினையே பிரித்துச் சரிசெய்து, மேனுவல் கியருக்கு மாற்றலாம். இல்லையென்றால் 4ஜி93 என்ற 1.8 இன்ஜின் உள்ள ஹாஃப் கட் எடுத்து, இன்ஜினையும் கியரையும் ஒரே மூச்சில் மாட்டிவிடலாம்.

முதல் வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பொத்தோங் கடையில் கிடைக்கும் ஆட்டோ பெட்டியும் நம் பெட்டியின் வயதுதான். உள்ளே கிளட்ச் தட்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெயை முகர்ந்து பார்த்தால் கருகிய வாசம் வருகிறதா என்று தெரியும், அவ்வளவுதான். நல்ல பெட்டி கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

1.8-இன் ஆசை வேறு மாதிரி. ஹாஃப் கட் என்றால் ஜப்பானில் ஓடிய காரின் முன்பாதியை அப்படியே வெட்டிக் கொண்டுவருவது. இன்ஜின், கியர், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், டிரைவ் ஷாஃப்ட், முன் பிரேக் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். விராவிலேயே 1.8 மாடல் இருந்ததால் மவுண்டிங் வெட்டி ஒட்டும் வேலையும் குறைவு. 16 வால்வு, இரட்டை கேம். என் மச்சான் காரில் இதே மாற்றம் செய்திருந்தார். ஈப்போ போகும் வழியில் ஒரு செம்பனை லாரியைத் தாண்டும்போது அந்த இழுப்பை உணர்ந்தேன், மறக்க முடியவில்லை. ஆனால் அந்தக் காரை நான் ஓட்டியது மொத்தமே நாலைந்து தடவைதான். வருடக்கணக்கில் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று அதை வைத்துச் சொன்னால் சரியாக இருக்காது.

ஹாஃப் கட் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 4ஜி93 என்ற பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். மிட்சுபிஷி 1996-இல் இதே இன்ஜினை ஜிடிஐ என்று பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகையாகவும் வெளியிட்டது. அதற்கு அதிக அழுத்தம் கொடுக்கும் தனி பெட்ரோல் பம்ப் உண்டு, இன்டேக் பக்கம் கரி சேரும். சாதாரண ஊர்ப் பட்டறையில் கை வைக்கத் தயங்குவார்கள். இன்னொன்று, ஹாஃப் கட்டோடு வருவது முன் பிரேக் மட்டும்தான். நம் 1.5-இன் பின் சக்கரத்தில் இருக்கும் டிரம் அப்படியே இருக்கும். சக்தியைக் கூட்டுகிறவர் அதற்கும் தனியாகச் செலவு செய்தாக வேண்டும்.

சரி, இப்போது கெரானுக்கு, அதாவது காரின் பதிவுப் பத்திரத்துக்கு வருவோம். இதைப் பற்றிப் பட்டறையில் யாரும் தானாகப் பேச மாட்டார்கள். நாம் கேட்டால், "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம் அண்ணே" என்பார்கள்.

காரின் கெரானில் சேசிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் இருக்கிறது, இன்ஜினின் சிசியும் இருக்கிறது. இன்ஜின் எண் இன்ஜினின் உடலான பிளாக்கில் பொறித்திருக்கும். வேறு பிளாக் போட்டால் வேறு எண். அது சட்டப்படி செல்ல வேண்டுமென்றால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கி, காரைச் சோதனைக்குக் காட்டி, கெரானில் புது எண்ணைப் பதிய வேண்டும். இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடை ரசீது வேண்டும், வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சுங்கத் தாளும் வேண்டும். பொத்தோங் கடையில் ரொக்கம் கொடுத்து, ஒரு துண்டுச் சீட்டோடு இன்ஜினை வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அந்தத் துண்டுச் சீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பதியாமலேயே ஓட்டினால் என்ன? தினமும் ஓட்டும்போது யாரும் பானெட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை, உண்மைதான். சிக்கல் பெயர் மாற்றும் நாளில் வரும். உரிமை மாற்றத்துக்கு முன் வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பி5 என்ற சோதனை உண்டு. அங்கே சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கெரானோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என் மச்சானுக்கு நடந்தது இதுதான். காருக்கு ஆள் கிடைத்து, விலை பேசி, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. பி5-இல் எண் பொருந்தவில்லை. இன்ஜின் போட்டுக் கொடுத்த பட்டறைக்குப் போனால், ரசீதெல்லாம் எடுத்து வைக்கவில்லை என்றார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவு ஆசையாகச் செய்த கார் கடைசியில் பொத்தோங் கடைக்கே போனது. அந்தக் காரை அவர் எப்படித் துடைத்து வைத்திருந்தார் என்று பார்த்தவன் நான், எனக்கே மனசு கேட்கவில்லை.

முறையாகப் பதிந்தாலும் வருடாவருடம் ஒரு கணக்கு இருக்கிறது. தீபகற்பத்தில் தனியார் காருக்கு ரோடு டேக்ஸ் சிசியை வைத்துத்தான். 1,401 முதல் 1,600 சிசி வரை 90 வெள்ளி (ரிங்கிட்). நம் 1.5-இல் இருக்கும் 4ஜி15 இன்ஜின் 1,468 சிசி, ஆகவே 90 வெள்ளியோடு முடிந்தது. 4ஜி93 இன்ஜின் 1,834 சிசி. 1,800-ஐத் தாண்டியதால் அடிப்படையே 280 வெள்ளி, அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 காசு. 34 சிசிக்கு 17 வெள்ளி சேர்த்தால் 297. மூன்று மடங்குக்கும் மேல். காப்புறுதி நிறுவனத்துக்கும் இன்ஜின் மாறியதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் இழப்பீடு கேட்கப் போகும்போது மாட்டிக்கொள்வோம்.

இழுப்பும் வேண்டும், ரோடு டேக்ஸும் ஏறக் கூடாது என்றால் 1.6 விராவில் இருந்த 4ஜி92 ஒரு நடு வழி. 1,597 சிசி, அதே 90 வெள்ளி. ஆனாலும் பிளாக் வேறு, எண் வேறு, ஜேபிஜே வேலை அதேதான். அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்ற வேண்டிய காரில் அந்தச் சுற்று எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

அதனால் சொந்தப் பிளாக்கை வைத்துக்கொண்டேன். கியர் பெட்டியை எப்படியும் இறக்க வேண்டும் என்பதால் இன்ஜினையும் சேர்த்து இறக்கினோம். வால்வு சீல், பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கெட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் புதிது. ஹெட்டை ஈப்போவுக்கு அனுப்பி முகம் இழைத்து வாங்கினோம். கியர் பக்கம் இருக்கும் கிராங்க் எண்ணெய் சீலையும் அப்போதே மாற்றச் சொன்னேன். சீல் விலை சொற்பம், பிறகு அது ஒழுகினால் கியரை மறுபடி இறக்கும் கூலிதான் பெரிது. இந்த 12 வால்வு 4ஜி15-க்கு எங்கள் ஊர்க் கடையில் சாமான் தேடி அலைய வேண்டியதே இல்லை. இஸ்வாரா, சத்ரியா, அரேனா என்று இதே இன்ஜின் ஓடிய கார்கள் அவ்வளவு. 4ஜி93 சாமானுக்கு ஈப்போவுக்குத்தான் போக வேண்டும் என்று மச்சான் அடிக்கடி சொல்வார்.

மேனுவல் மாற்றத்தில் கியர் பெட்டி மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டோ காரில் ஃபிளைவீல் கிடையாது, டார்க் கன்வர்ட்டரைப் பிடிக்கும் மெல்லிய தட்டுதான் இருக்கும். ஆகவே ஃபிளைவீல், கிளட்ச் செட், பெடல் கூட்டம், கிளட்ச் கேபிள், கியர் கம்பும் அதன் கேபிள்களும், டிரைவ் ஷாஃப்ட், கியர் மவுண்டிங் எல்லாமே வேண்டும். பொத்தோங் கடையில் ஒரே மேனுவல் விராவிலிருந்து மொத்தமாகக் கழற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று காரிலிருந்து பொறுக்கினால் ஏதாவது ஒன்று பொருந்தாது. வயரிங்கில் இரண்டு விஷயம். ஆட்டோவில் பி (பார்க்), என் (நியூட்ரல்) இரண்டில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் இருக்கும், அதன் வயர்களை நேராக இணைத்துவிட வேண்டும். ரிவர்ஸ் விளக்கின் வயரைப் புது கியரின் சுவிட்சுக்குக் கொண்டுவர வேண்டும். ரேடியேட்டரின் அடியில் ஆட்டோ எண்ணெய் குளிரப் போய் வரும் இரண்டு குழாய் வாய்களை அடைத்துவிட்டோம். பழைய காரில் அந்தக் குளிர்விப்பான் உள்ளே ஓட்டை விழுந்தால் தண்ணீர் கியருக்குள் போய்விடும். அந்தப் பயமும் இதோடு போனது.

பி5-இல் எண் பார்த்தார்கள், பொருந்தியது. அன்றைக்கே வேலை முடிந்து, அடுத்த வாரம் பெயரும் மாறியது. அந்தச் சோதனைத் தாளை அப்பா வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை படித்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழு மாதம்தான் ஓட்டியிருக்கிறேன். இசியு ஆட்டோ காருடையதே இருக்கிறது. ஏர்கான் போட்டு நிற்கும்போது ஐடில் கொஞ்சம் இறங்குகிறது, அதற்கு இசியுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று இன்னும் பிடிபடவில்லை. கியர் பெட்டி நான்கைந்து வருடம் தாங்குமா என்பதற்கு இப்போது பதில் இல்லை. தங்கை எடுத்தது ஆட்டோவுக்கான டிஏ உரிமம், அவளால் இனி இந்தக் காரை ஓட்ட முடியாது. வீட்டில் இருவர் மூவர் ஒரே காரை ஓட்டுகிறீர்கள் என்றால் இதை முதலில் பேசிவிடுங்கள். நான் பேசவில்லை, அவளுக்கு வருத்தம்தான்.

தைப்பூசம் முடிந்த வாரம் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போய் வந்தோம். ஏறும்போது 1.8 இருந்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு இடத்தில் தோன்றியது. இறங்கும்போது மூன்றாம் கியரில் விட்டு, பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு வந்தேன். முன்பெல்லாம் அடிவாரத்துக்கு வரும்போது காருக்குள் பிரேக் காய்ந்த வாசம் அடிக்கும். இந்தத் தடவை இல்லை. கிளட்ச் கேபிள் ஒன்று கூடுதலாக வாங்கி பின்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.