சம்பளத்தைக் கூட்டுவதா, வாத்தியாரை அனுப்புவதா?

ஒரு ஏழை நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை. வெளிநாட்டுப் பணம் வருகிறது. அதை எதில் போடுவது? ஆப்பிரிக்க நாடுகளான மலாவியும் ருவாண்டாவும் ஆளுக்கொரு வழியில் போயின.

மலாவியில் 2004இல் நிலைமை கைமீறியிருந்தது. எய்ட்ஸ் நோயாளிகளால் வார்டுகள் நிரம்பிக்கொண்டிருக்க, படித்து முடித்த நர்ஸ்களோ பிரிட்டனுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டனின் உதவித் துறையும், எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கான உலக நிதியமும் பணம் தர, மலாவி அரசு 11 வகை மருத்துவப் பணியாளர்களுக்குச் சம்பளத்தில் 52% கூட்டியது. வரி போகத்தான் கைக்கு வரும் என்றாலும், மாதச் செலவுக்குத் திண்டாடியவர்களுக்கு அது பெரிய தொகை. கூடவே பயிற்சிக் கல்லூரிகளிலும் இடங்கள் கூடின. அந்த 11 பிரிவுகளிலும் சேர்த்து 5,453 பேர் இருந்தது, 2009இல் 8,369 ஆனது. நர்ஸ்களை அழைத்துக்கொண்ட நாடே அவர்களைத் தக்கவைக்கவும் பணம் கொடுத்தது என்பது தனிக் கூத்து.

ருவாண்டாவின் சிக்கல் வேறு. நர்ஸ்கள் இருந்தார்கள். ஆனால் 90%க்கு மேல் பள்ளிப் படிப்பு அளவிலான பயிற்சியோடு வந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 2012இல் ஏழாண்டுத் திட்டம் ஒன்று தொடங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு ருவாண்டா ஆசிரியர் ஜோடி. அமெரிக்க நிதி நேராக ருவாண்டாவின் சுகாதார அமைச்சகத்துக்கு. பல்கலைக்கழகங்கள் நிர்வாகச் செலவென்று 7%க்கு மேல் எடுக்க முடியாது. உதவிப் பணத்தில் பாதி, கொடுத்தவன் ஊருக்கே திரும்பிப் போகும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இடித்தது மொழி. நாடு 2008இல்தான் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலவழிக் கல்விக்கு மாறியிருந்தது. ஒரு வார்டை நினைத்துப் பாருங்கள்: கட்டிலருகே நின்று அமெரிக்க ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்குகிறார். நர்ஸ் தான் படித்த பிரெஞ்சில் அதை மனதுக்குள் மாற்றிக்கொள்கிறார். பிறகு நோயாளியிடம் கின்யர்வாண்டாவில் "எங்கே வலிக்கிறது?" என்கிறார். மூன்று மொழிகளைத் தாண்டி வரும் பாடத்தில் பாதியாவது வழியில் சிந்தாமல் இருக்குமா? பக்கத்தில் நிற்கும் உள்ளூர் ஜோடி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடே தேறியிருக்காது என்பது என் எண்ணம். அதிலும் ஓராண்டில் பெட்டி கட்டிவிடும் விருந்தாளி ஆசிரியர், வார்டின் போக்கு பிடிபடும் நேரத்தில் கிளம்பிவிடுவார்.

கென்யாவையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அங்கே ஆம்ரெஃப் என்ற ஆப்பிரிக்க சுகாதாரத் தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய கணினிவழிப் பாடத்தில் நர்ஸ்கள் வேலையை விடாமலே அடுத்த தகுதிக்குப் படித்தார்கள். செலவுக்கு நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவரைத்தான் அது உயர்த்தும். புது நர்ஸ் வரமாட்டார்.

ஆள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மலாவி செய்ததுதான் சரி. அப்போது வாத்தியாரை அனுப்பியிருந்தால், பிரிட்டனுக்கு இன்னும் நன்றாகப் படித்த நர்ஸ்கள் கிடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மற்ற நாடுகளுக்கு நான் ருவாண்டா வழியைத்தான் சொல்வேன். அந்தத் திட்டத்துக்கான அமெரிக்க நிதி 2017இல் நின்றுவிட்டது. ஆனால் 2015இல் தொடங்கிய முதுநிலை நர்ஸிங் படிப்பு ருவாண்டா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அடுத்த ஆசிரியர் அங்கிருந்து வர முடியும். சம்பளமோ மாதாமாதம் கேட்கும். மலாவியில் பின்னாளில் படித்து, உரிமமும் வாங்கிய நர்ஸ்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் காலியிடம் இருந்தது. அரசிடம் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை.