எட்டு போட்டாச்சு, அடுத்து எந்த வண்டி? ஸ்ப்ளெண்டர், ரைடர், எஃப்இசட், ஹன்டர்: ஓர் ஒப்பீடு

ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போடும்போது பார்க்கப்படுவது ஒன்றுதான்: மெதுவான வேகத்தில், கால் ஊன்றாமல் வண்டியை வளைக்கத் தெரிகிறதா? 40 கி.மீ. வேகத்தில் போகையில் நாய் குறுக்கே பாய்ந்தால் எப்படி நிறுத்துவது, மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவது, நெருக்கியடித்த ஸ்டாண்டிலிருந்து பின்பக்கமாகத் தள்ளி எடுப்பது, பின்னால் ஆள் ஏறியதும் மாறும் எடையைச் சமாளிப்பது என்ற நாலையும் அங்கே யாரும் கேட்பதில்லை. முதல் வண்டியில்தான் இவற்றைப் பழக வேண்டும். அதனால் இந்த ஒப்பீட்டில் டாப் ஸ்பீடுக்கு இடமில்லை. இந்த நாலு பரீட்சையில் எந்த வண்டி பழகுகிறவருக்குத் தோள் கொடுக்கிறது என்பதுதான் கணக்கு.

சிங்கப்பூரில் 2பி உரிமம் எடுத்தவர் 200 சிசி வரைதான் ஓட்டலாம்; ஓராண்டு கழித்தே அடுத்த படியான 2ஏ உரிமத்துக்குப் போக முடியும். நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. கியர் வண்டி உரிமம் வாங்கிய அன்று மாலையே 650 சிசியில் ஏறிப் போகலாம், சட்டம் தடுக்காது. படியை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் வண்டி என்றதும் வீட்டில் அடிபடும் பெயர்களில் நாலு வகைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வோம்: ஹீரோ ஸ்ப்ளெண்டர், டிவிஎஸ் ரைடர், யமஹா எஃப்இசட், ராயல் என்ஃபீல்டு ஹன்டர். ஷைன், எஸ்பி 125, பல்சர், கிளாசிக் எல்லாம் இந்த நாலில் ஏதோ ஒன்றின் பங்காளிகள்தான்.

| | ஸ்ப்ளெண்டர் பிளஸ் | ரைடர் 125 | எஃப்இசட்-எஸ் | ஹன்டர் 350 |
|---|---|---|---|---|
| எஞ்சின் (சிசி) | 97.2 | 124.8 | 149 | 349 |
| குதிரைத்திறன், சுமார் | 8 | 11 | 12 | 20 |
| டார்க், அதாவது முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) | 8 | 11.2 | 13.3 | 27 |
| கியர் | 4 | 5 | 5 | 5 |
| எடை, சுமார் (கிலோ) | 112 | 123 | 136 | 181 |
| சீட் உயரம் (மி.மீ.) | 785 | 780 | 790 | 790 |
| டேங்க் (லிட்டர்) | 9.8 | 10 | 13 | 13 |

எடையும் காலும்

சீட் உயரத்தைப் பார்த்தால் நாலும் ஒன்றுபோலத் தெரியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்ப்ளெண்டரின் சீட் ஒல்லி. தொடைகள் அதிகம் விரிவதில்லை, கால் நேராகத் தரைக்கு இறங்கும். ஹன்டரில் சீட்டும் டேங்க்கும் அகலம் என்பதால் 5 மி.மீ. வித்தியாசம் நடைமுறையில் அதைவிட அதிகமாக உறைக்கும். ஷோரூமில் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஸ்டாண்டை எடுத்து நேராக நிமிர்த்தி, வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஒரு கால் முழுப் பாதமும், மறு கால் முன்பாதமும் ஒரே நேரத்தில் தரையில் பட்டால் போதும். இரண்டு பக்கமும் விரல் நுனிதான் தொடுகிறது என்றால், சாலையோரப் பள்ளத்தில் கால் வைக்கும் முதல் நாளே வண்டி சாயும்.

சாய்ந்தால் என்ன ஆகும் என்பதில்தான் 112-க்கும் 181-க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஸ்ப்ளெண்டர் 10, 15 டிகிரி சாய்ந்தாலும் இழுத்து நிமிர்த்திவிடலாம். ஹன்டர் அந்தக் கோணத்தைத் தாண்டினால் பழகாத கை விட்டுவிடும். பழகியவர்கள் அந்தக் கோணத்துக்கே போகவிடமாட்டார்கள், அவ்வளவுதான். ஓடத் தொடங்கிவிட்டால் ஹன்டரின் எடை தெரிவதில்லை என்பது உண்மை. ஆனால் முதல் ஆறு மாதத்தில் வண்டி விழுவதெல்லாம் பெரும்பாலும் நிற்கும்போதும் யு-டர்ன் போடும்போதும்தான்.

பிரேக்

இந்த ஒப்பீட்டின் கனமான பகுதி இதுதான். நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்குப் பாய்கிறது, பின்சக்கரம் இலேசாகிவிடுகிறது. அதனால் வண்டியை உண்மையில் நிறுத்துவது முன் பிரேக். பழகாதவர்கள் அதைத் தொடவே பயப்படுவார்கள், இல்லையென்றால் பதற்றத்தில் ஒரேயடியாக இறுக்குவார்கள். இரண்டுமே ஆபத்து.

ஸ்ப்ளெண்டரில் இரு பக்கமும் 130 மி.மீ. டிரம். கடி மென்மை என்பதால் பதறி இறுக்கினாலும் முன்சக்கரம் உடனே பூட்டிக்கொள்வது குறைவு. ஆனால் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் நிறுத்தும் தூரம் நீண்டுகொண்டே போகும். ரைடரில் முன் டிஸ்க் உள்ள வகையை எடுக்க வேண்டும். டிரம் வகையை எடுத்து மிச்சப்படுத்தும் பணம் வீண்.

125 சிசி வரையிலான வண்டிகளுக்குச் சட்டம் கேட்பது கூட்டு பிரேக்கை. அதற்கு மேல் ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு. 2019 ஏப்ரலிலிருந்து எல்லா வண்டிகளுக்கும் இதுதான் விதி. கூட்டு பிரேக் என்றால் கால் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். இது காலால் மட்டும் பிரேக் போடும் பழக்கம் உள்ளவரைக் காப்பாற்றும். கையால் முன் டிஸ்க்கைப் பதறி இறுக்குபவரைக் காப்பாற்றாது. மழையில் நனைந்த ஜீப்ரா கோடு, சாலையோர மணல், பாதாளச் சாக்கடை மூடி மேல் அப்படி இறுக்கினால் முன்சக்கரம் பூட்டி வழுக்கும். யோசிக்க நேரமே இருக்காது.

எஃப்இசட்-எஸ்ஸில் முன் டிஸ்க் 282 மி.மீ., முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ் உண்டு. சக்கரம் பூட்டப் போகும் நொடியில் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். லிவரில் துடிப்பு தெரியும். அந்தத் துடிப்பை உணர்ந்ததும் பயந்து கையை எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. விடாமல் பிடிக்க வேண்டும். ஹன்டரின் மேல் வகைகளில் இரு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டு. 125 சிசியிலேயே ஏபிஎஸ் வேண்டும் என்பவர்கள் ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் வண்டியின் ஏபிஎஸ் வகையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். எடை 136 கிலோ.

ஸ்கூட்டியில் பழகிவிட்டு பைக்குக்கு வருபவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஸ்கூட்டரில் இடது கை லிவர் பின் பிரேக். பைக்கில் அது கிளட்ச். ஆபத்தில் கை பழைய பழக்கத்தில் இடதுபுறத்தை மட்டும் இறுக்கும். வண்டி நிற்பதற்குப் பதில் எஞ்சினிலிருந்து விடுபட்டு இன்னும் இலகுவாக ஓடும். காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் வலது கை, வலது கால் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தி நிறுத்தும் பயிற்சியை 50 தடவையாவது செய்யாமல் மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது. இதற்கு எந்த வண்டியும் மாற்றாகாது.

நெரிசல், கிளட்ச், ஏற்றம்

இதில் ஹன்டர் பலரும் நினைப்பதைவிட நல்ல மாணவத் தோழன். 27 நியூட்டன் மீட்டர் டார்க் 4000 ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் கிளட்சை மெல்ல விட்டாலே நகரும். லேசில் ஆஃப் ஆகாது. கிளட்ச் லிவர் மற்ற மூன்றையும்விடக் கனம், வெயில் நாளில் எஞ்சின் சூடு காலில் அடிக்கும். ஒரு மணி நேரம் நின்று நின்று போகும் பாதை என்றால் இடது கை வலிக்கும்.

ஸ்ப்ளெண்டரில் கிளட்ச் பஞ்சு. ஆனால் ஏற்றத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு கிளப்ப ஆக்ஸிலரேட்டர் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்கப் பயந்து ஹாஃப் கிளட்சிலேயே இழுத்தால் கிளட்ச் பிளேட் கருகும் வாடை வரும். ரைடர் சுறுசுறுப்பு; புதியவர் கை நடுங்கினால் வண்டியும் துள்ளும். எஃப்இசட் மிதமாக, குலுக்காமல் எடுக்கும். நாலில் நிதானமானது இதுதான்.

கியர் போடும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றில் நாலு கியரும் ஒரே திசையில் விழும். 5 கியர் வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் ஒரு முறையும் வீட்டு வண்டியில் வேறு முறையும் இருந்தால் முதல் வாரம் குழப்பம்தான்.

டபுள்ஸும் மலையும்

தினமும் பின்னால் ஆள் ஏறும் என்றால் ஸ்ப்ளெண்டரின் நீளமான, தட்டையான சீட்டை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. எஃப்இசட், ஹன்டர் இரண்டிலும் பின்சீட் சிறிது. அம்மாவோ அப்பாவோ ஒருபக்கமாக உட்கார்ந்து வருவது சிரமம். மலைக்குப் போனால் நிலைமை தலைகீழ். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இருவரோடு ஏறும் 100 சிசி வண்டி பல இடங்களில் முதல் கியரில்தான் முனகும். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினால் தடுக்காமல் டிரம் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் சூடேறி பிடிப்பு மழுங்கும். மாதம் ஒரு தடவையாவது 100 கி.மீ.க்கு மேல் நான்குவழிச் சாலையில் போகிறவருக்கு எஃப்இசட் வகைக்குக் கீழே இறங்க வேண்டாம். லாரி முந்திப் போகும்போது காற்று தள்ளுவதை 112 கிலோ வண்டியில் நன்றாகவே உணரலாம்.

பணம்

ஷோரூம் விலை, 2025 செப்டம்பரில் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, நாலுக்கும் இறங்கியிருக்கிறது. ஆன்ரோடு விலையில் உதைப்பவை வேறு. தமிழ்நாட்டில் ஆயுள் வரி 1 லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், தாண்டினால் 12. புது வண்டிக்கு 5 ஆண்டு தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 வரை 3,851 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 7,365 ரூபாய், வரி தனி. 149 சிசி எஃப்இசட் கோட்டுக்கு இந்தப் பக்கம். 155 சிசி யமஹா ஆர்15 அந்தப் பக்கம். 349 சிசி ஹன்டர் 350 கோட்டுக்கு இந்தப் பக்கம்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்து, மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், ஊருக்குள் கிடைக்கும் மைலேஜ் கணக்கில் ஸ்ப்ளெண்டருக்கு (60) சுமார் 1,650 ரூபாய், ரைடருக்கு (50) 2,000, எஃப்இசட்டுக்கு (45) 2,200, ஹன்டருக்கு (35) 2,850. விழுந்து எழும் செலவிலும் இதே வரிசைதான். லிவர், இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட், வளைந்த கியர் லிவர் எல்லாம் ஸ்ப்ளெண்டருக்கு எந்தச் சின்ன ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆர்15 மாதிரி முழுக்க ஃபேரிங் (பிளாஸ்டிக் உறை) போட்ட வண்டி முதல் வண்டியாகவே வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்: நின்ற இடத்தில் சாய்ந்தாலே பிளாஸ்டிக் உடையும். ஹேண்டில்பார் திரும்பும் கோணமும் குறைவு, சந்துக்குள் யு-டர்ன் போட மூன்று தடவை முன்னும் பின்னும் தள்ள வேண்டும்.

எப்படியும் விழப்போகிறது, பழைய வண்டியே வாங்கலாமே என்பது நல்ல யோசனை. 3, 4 வருட ஸ்ப்ளெண்டரோ ஷைனோ சரியான பள்ளிக்கூடம். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டிங் கோளாறு மறைந்துவிடும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயின் செட் முழுதும் மாற்ற வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ‘கடக்’ என்று மாட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போயிருக்கிறது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஆர்சியில் உள்ள சேசிஸ் எண், கட்டாத அபராதம், பாக்கி இருக்கும் கடன் எல்லாவற்றையும் பார்த்த பிறகே ஆர்சி பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30. காப்பீட்டை 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும்.

யாருக்கு எது

தினமும் 15, 20 கி.மீ. ஊருக்குள், அடிக்கடி டபுள்ஸ், கையில் காசு இறுக்கம் என்றால் ஸ்ப்ளெண்டர், புதிதோ பழையதோ. கல்லூரி, வேலை என்று தனியாக ஓட்டுபவருக்கு டிஸ்க் வைத்த 125. ஊரும் நெடுஞ்சாலையும் கலந்து ஓட்டுபவருக்கு எஃப்இசட்-எஸ்தான் நாலில் சரியான வண்டி. வேகமாக ஓடத் தூண்டாது, ஏபிஎஸ் தவறை மன்னிக்கும், எடையும் கைக்குள் அடங்கும். பிக்கப் போதவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். முதல் வண்டிக்கு அது பாராட்டு. ஹன்டர் கெட்ட தேர்வு அல்ல. அதன் குணம் சாது, எடைதான் சாது இல்லை. ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, லேசான சரிவில் பின்பக்கமாக மேலே 5 மீட்டர் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் இரண்டு வருடம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

டெலிவரி எடுக்கும் நாளில் கிளட்ச், பிரேக் லிவர்களை உங்கள் விரல் நீளத்துக்கு ஏற்பத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கிளட்ச் லிவரில் 10 முதல் 15 மி.மீ. தளர்வு இருக்கட்டும். டயரில் காற்றை ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நீங்களே பார்த்து நிரப்புங்கள், ஷோரூமில் பெரும்பாலும் அளவுக்கு அதிகமாகவே அடித்திருப்பார்கள். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கி.மீ. வரை வளைவில் சாய்க்காமல், மழையில் எடுக்காமல் ஓட்டுங்கள்.